சொல்லுங்க சிஸ்டர்

அறுவை சிகிச்சை அறையில் மனைவி. வெளியே, போனில் சிவந்துபோன பேட்டரி அடையாளத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார் பஸ் டிரைவர். ஆபரேஷன் முடிந்ததும் போனில் கூப்பிடுவதாக நர்ஸ் சொல்லியிருக்கிறார். போன் அடிக்கிறது. பதறி எழுந்து, "சொல்லுங்க சிஸ்டர்" என்கிறார். "அன்பான வாடிக்கையாளரே, உங்களுக்கான புதிய சலுகை..." என்று குழைகிறது போன் கம்பெனியின் குரல். இதுவரை வந்ததெல்லாம் இதே அழைப்புதான். எடுக்காமல் இருக்கவும் மனம் வரவில்லை. சுவரில் இருப்பது ஒரே பிளக். அதில் சார்ஜ் போட்டிருந்த தையல்காரப் பெண் தன் போனைக் கழற்றிவிட்டு, "இதுல போடுங்கண்ணா" என்று ஒயரை நீட்டுகிறாள். ஒயர் குட்டை. அவர் சுவரோரம் மண்டியிட்டு, போனைக் கன்னத்தோடு ஒட்டிக்கொள்கிறார். மறுபடி அடிக்கிறது. "சொல்லுங்க சிஸ்டர்." "கண்ணு முழிச்சிட்டாங்க. நீங்க சாப்டீங்களான்னு கேக்குறாங்க." சாயங்கால வெளிச்சம் அவர் ஈரக் கன்னத்தில் விழுகிறது. "சாப்டேன்னு சொல்லிடுங்க சிஸ்டர். இல்லேன்னா திட்டுவா."