மூன்றாவது கார்டு

பதிந்ததையெல்லாம் அழிக்கிற கார்டைக் குடியிருப்பின் வாசல் பூட்டுக்கு அருகே கொண்டுபோன நேரத்தில், அந்த அம்மா பூட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கொஞ்சம் இருங்க தம்பி. எங்க பையன் கார்டை மட்டும் அழிச்சுடாதீங்க.”

பின்னால் பதினாறு வீட்டுக்காரர்களும் கையில் கார்டோடு வரிசையில் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமைக் காலை, ஆளாளுக்கு ஒரு வேலை. யாரோ தொண்டையைச் செருமினார்.

பூட்டுக்காரருக்குக் கோபம் வந்தது. அந்த அம்மா மேல் இல்லை, குடியிருப்போர் சங்கச் செயலாளர் மேல்.

ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு நிழல் கார்டு உண்டு. கார்டு தொலைந்தால் அதன் நிழலைப் பூட்டிடம் காட்டினால் போதும், அந்த ஒன்று மட்டும் செத்துப்போகும். பூட்டு மாட்டிய அன்றே எல்லா நிழல் கார்டுகளையும் உறையில் போட்டு, பெயர் எழுதி, செயலாளரிடம் கொடுத்திருந்தார். மனிதர் பத்திரமாக வைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டார். அத்தனை பத்திரம், இப்போது அவருக்கே அகப்படவில்லை.

இரண்டு நாள் முன்பு மூன்றாம் மாடி டீச்சரின் கைப்பை பஸ்ஸில் திருட்டுப்போனது. உள்ளே வாசல் கார்டு, கூடவே விலாசம். நிழல் இல்லாததால் அந்த ஒன்றைத் தனியாக அழிக்க வழியில்லை. மொத்தத்தையும் துடைத்துவிட்டு, எல்லோரையும் வரவழைத்து, முதலிலிருந்து சேர்க்க வேண்டும்.

அதிலும் இது எந்தக் கணினியோடும் சேராத தனிப் பூட்டு. பேர் தெரியாது, முகம் தெரியாது. நேரில் காட்டிய கார்டை மட்டும்தான் தெரியும்.

“பையன் எங்கேம்மா? வரச் சொல்லுங்க, சேர்த்துடலாம்.”

“கோவிச்சுக்கிட்டு வீட்டை விட்டுப் போய் எட்டு மாசம் ஆகுது தம்பி. கார்டு அவன்கிட்டதான் இருக்கு.” அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. “ஒருநாள் வருவான். வந்து கார்டை வைக்கும்போது சிவப்பு எரிஞ்சா, நம்மள வேண்டாம்னு அழிச்சுட்டாங்கன்னு நினைச்சுப்பான். மணி அடிக்க மாட்டான். அப்படியே திரும்பிப் போயிடுவான். ரோஷக்காரன்.”

கையில் இல்லாத கார்டை எந்தக் கொம்பனாலும் சேர்க்க முடியாது. அதை மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று பூட்டுக்காரர் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, வரிசையிலிருந்து அந்த அம்மாவின் கணவர் முன்னால் வந்தார்.

“நீ மேல போ. அவன் கார்டையும் நான் சேர்க்கச் சொல்றேன்.”

“மறந்துடாதீங்க.”

“மறக்க மாட்டேன். போ.”

அந்த அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி நின்று நின்று ஏறினார்.

அட மனுஷா, என்று பூட்டுக்காரர் மனதுக்குள் திட்டினார். ஆகாத காரியத்துக்கு இப்படி வாய் கூசாமல் வாக்குக் கொடுக்கிறாரே. பெற்றவளை ஏமாற்றி அனுப்ப எப்படித்தான் மனசு வருகிறதோ.

அழிக்கிற கார்டைக் காட்டினார். சிவப்பு ஐந்து முறை எரிந்து அணைந்தது. பூட்டுக்கு இப்போது ஒருவரையும் தெரியாது.

சேர்க்கிற கார்டைக் காட்டினார். வரிசை நகர்ந்தது. ஒவ்வொருவரும் தங்கள் கார்டை வைக்க வைக்க, பச்சை எரிந்தது. ஊரையே கூட்டி நிறுத்திய செயலாளர், தன் கார்டைக் கொண்டுவர மறந்து மேலே ஓடினார். நின்றவர்கள் சிரித்தார்கள்.

பையனின் அப்பா சிரிக்கவில்லை. நீங்க போங்க, நீங்க போங்க என்று ஒவ்வொருவரையும் முன்னால் விட்டுக்கொண்டே இருந்தார்.

வாசல் காலியான பிறகுதான் வந்தார். தன் கார்டை வைத்தார். மனைவியின் கார்டை வைத்தார். பிறகு சட்டைப் பைக்குள் விரலை விட்டு ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே மூன்றாவதாக ஒரு கார்டு இருந்தது.

பூட்டுக்காரருக்கு அப்பாடா என்றிருந்தது.

“பையன் கார்டா சார்? உங்ககிட்டயே இருக்கா? அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

அவர் உறையைப் பிரிக்கத் தெரியாமல் தடுமாறினார்.

“ஆஸ்பத்திரியில கொடுத்தாங்க,” என்றார். “அவன் சட்டையில இருந்துச்சுன்னு.”

பூட்டுக்காரர் உறையை வாங்கிப் பிரித்துக் கொடுத்தார்.

“நானும் எங்க அண்ணனும் போய் எல்லாத்தையும் முடிச்சுட்டு வந்தோம். மூணு மாசம் ஆச்சு. அவளுக்கு ஏற்கெனவே ரெண்டு தடவை நெஞ்சுவலி வந்திருக்கு. எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

அதற்குள் நேரம் கடந்து, பூட்டு கார்டுகளைச் சேர்ப்பதை நிறுத்தியிருந்தது. பூட்டுக்காரர் சேர்க்கிற கார்டை மறுபடி எடுத்துக் காட்டினார். சற்று முன் திட்டியதற்குத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

“இப்போ இதைச் சேர்த்து என்ன சார்...”

“மேல போனதும் முதல்ல இதைத்தான் கேட்பா. தினம் எத்தனையோ பொய் சொல்றேன். இந்த ஒண்ணாவது நிஜமா இருக்கட்டுமே.”

கார்டை வைத்தார். பச்சை எரிந்தது.

அந்த அம்மா மேலே போகப் பொறுமையில்லாமல் இரண்டாம் மாடியிலேயே காத்திருந்திருக்கிறார். கைப்பிடிக்கு மேல் அவர் தலை எட்டிப் பார்த்தது.

“சேர்த்தாச்சாங்க?”

“சேர்த்தாச்சு,” என்று கணவர் கார்டைப் பைக்குள் தள்ளிக்கொண்டே குரல் கொடுத்தார்.

“நீங்க நல்லா இருப்பீங்க தம்பி,” என்றார் அந்த அம்மா, பூட்டுக்காரரைப் பார்த்து. “இனிமே அவன் எப்ப வந்தாலும் கதவு திறக்கும்.”