ஒரு கீறல்கூட இல்லாமல்

“மூக்குல கனமே இல்லையே,” என்று பெண்ணின் அப்பா உதட்டைப் பிதுக்கினார். பெண் கேட்டு வந்திருந்த பல் டாக்டர் தன்னையறியாமல் தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

“உங்களைச் சொல்லல, தம்பி. இதைச் சொல்றேன்.”

சாப்பாட்டு மேஜையை அடைத்துக்கொண்டு கிடந்தது ஒரு சிவப்புப் பொம்மை ஜெட். பொம்மை என்று யாராவது சொன்னால் அப்பாவுக்குக் கெட்ட கோபம் வரும். வாலை மாட்டி, இறக்கையை முறுக்கி முடித்துவிட்டு மனுஷர் இப்போது அதன் எடையைச் சமன் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு இறக்கைக்கும் அடியில விரலைக் குடுத்துத் தூக்குங்க. மூக்கு ஒரு பொட்டு தாழணும். வால் தாழ்ந்துச்சுன்னா மேல போனதும் கிறுக்குப் பிடிச்சுரும்.”

டாக்டர் தூக்கினான். வால் சரிந்தது. அப்பா மூக்குக்குள் ஒரு ஈயத் துண்டை ஒட்டினார், போதவில்லை, இன்னொன்றையும் ஒட்டினார். ஜெட் பணிவாகத் தலை குனிந்தது.

அந்தக் காலத்தில் பெண் கேட்டு வந்தவனை வில்லை வளைக்கச் சொன்னார்களாம். இங்கே அப்பா விமான கிளப்பில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். நாலு பேர் ஏற்றிவிட்ட ஜோரில், “என் ஜெட்டை ஒரு கீறல் இல்லாம இறக்கறவனுக்குத்தான் என் பொண்ணு,” என்று சொல்லித் தொலைத்துவிட்டார். சொன்னதை விழுங்கலாம் என்றால் கிளப்பின் மீசைக்காரர் விடுவதாக இல்லை. பார்க்கும்போதெல்லாம் ஞாபகப்படுத்தினார்.

“நான் என்ன பந்தயக் கோப்பையா?” என்று மகள் ஒரு வாரம் அப்பாவோடு பேசவில்லை. பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஜெட்டைக் காருக்கு இறக்கும்போது மாடிப்படியில் டாக்டரின் காதைக் கடித்தாள்.

“நேத்தே இதை என் ரிமோட்டோட சேர்த்துட்டேன். இனிமே இது என் பேச்சைத்தான் கேக்கும். அப்பா உங்ககிட்ட குடுக்கறது வெறும் டப்பா. நீங்க சும்மா அதுல நீட்டிக்கிட்டிருக்கற குச்சியை ஆட்டிக்கிட்டு நில்லுங்க. நான் பின்னால நின்னு பைக்குள்ள கையை விட்டு ஓட்டறேன்.”

டாக்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவன் வாழ்நாளில் ஓட்டியதெல்லாம் பல்லில் துளை போடும் மெஷின் ஒன்றுதான்.

மைதானத்தில் கிளப் மொத்தமும் கூடியிருந்தது. அப்பா திருகாணிகளைக் கடைசியாக ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பவுடர் டப்பாவைத் திறந்து தன் கட்டைவிரல் இரண்டிலும் தேய்த்துக்கொண்டார். வியர்வையில் குச்சி வழுக்கிவிடக் கூடாதாம். டாக்டரும் தன் கட்டைவிரல்களை நீட்டினான். அதற்குள் டப்பா அவர் சட்டைப்பைக்குள் போய்விட்டது.

ரிமோட்டை அவன் கையில் திணித்தார். “எனக்கு நெஞ்சு தாங்காது, தம்பி. நான் காருக்குள்ள உக்காந்துக்கறேன்.” போய் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கித் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டார்.

மீசைக்காரர் கொடியை இறக்கினார். ஜெட் சீறிக்கொண்டு ஓடி, மூக்கை நிமிர்த்தி, ஜிவ்வென்று கிளம்பியது.

டாக்டர் குச்சிகளை ஆட்டோ ஆட்டு என்று ஆட்டினான். ரிமோட்டின் ஆன்டெனா அவன் வயிற்றைக் குத்திக்கொண்டே இருந்தது. ஜெட் கரணம் அடித்தது. மல்லாந்து பறந்தது. கிளப்காரர்களின் தொப்பியை உரசுவது போல் வந்து, போக்குக் காட்டிவிட்டு மேலே போனது. இப்படி ஒருத்தி கிடைக்க என்ன புண்ணியம் செய்தேனோ என்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில் குச்சியை விட்டுவிட்டு, ரிமோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு முறை கைகூடத் தட்டிவிட்டான். நல்லவேளை, எல்லோருடைய கண்ணும் வானத்தில் இருந்தது.

கடைசியில் ஜெட் பூப்போல இறங்கி உருண்டு வந்து அவன் காலடியில் நின்றது.

மீசைக்காரர் முட்டி போட்டு அதன் அடிவயிறு வரை தடவிப் பார்த்தார். “ஒரு கீறல்கூட இல்லப்பா,” என்றார் ஏமாற்றத்தோடு. கைத்தட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

டாக்டர் அவள் பக்கம் ஒதுங்கினான். “கலக்கிட்டே போ. ஆனா அந்தக் கடைசிக் கரணம் தேவையா? எனக்கு உயிரே போச்சு.”

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. “நான் எங்க ஓட்டினேன்? என் ரிமோட்ல கடைசி வரைக்கும் சிவப்பு விளக்குதான். காலையில அப்பா திரும்பத் தன்னோட ரிமோட்டோட சேர்த்திருக்கார். உங்க கையில இருக்கறது அதுதான்னு நினைச்சு, சாமியை வேண்டிக்கிட்டு நின்னேன். எங்க கத்துக்கிட்டீங்க இதெல்லாம்?”

“நானா? நான் குச்சியை விட்டுட்டுக் கை தட்டினப்பவும் அது பாட்டுக்குப் பறந்துச்சே.”

அப்பா காரிலிருந்து இறங்கி வந்தார். எல்லோரும் பார்க்க டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் விட்ட பிறகு அவன் புறங்கையில் வெள்ளையாக ஒரு கட்டைவிரல் அடையாளம் இருந்தது.

அவன் தலைகீழாகப் பிடித்திருந்த ரிமோட்டை அவர் மெல்லத் திருப்பி நேராக்கினார். மீசைக்காரர் காதில் விழாதபடி சொன்னார்:

“பொண்ணை நம்பிக் குடுத்துடலாம், மாப்பிள்ளை. ஜெட்டை எப்படிக் குடுக்கறது?”