செருப்புக் கடைக்கு ஒரு வெப்சைட்

"எண்பதாயிரம். அதுக்குக் கீழ ஒரு ரூபா குறையாது" என்றார் மேனேஜர் வெங்கடேஷ்.

தி.நகரில், மூன்றாவது மாடியில் இருந்த வெப் டிசைன் கம்பெனி அது. எதிரில் உட்கார்ந்திருந்த துரைராஜ், மேஜைமேல் வைத்திருந்த செருப்பை எடுத்து மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சைதாப்பேட்டை மார்க்கெட் சந்தில் அவருக்குக் கடை. ஒரு கால் குட்டையானவர்கள், பாதம் வளைந்தவர்கள், சர்க்கரை வியாதியில் விரலை இழந்தவர்கள்... அவர்களுக்கு மட்டும் அளவெடுத்துச் செருப்பு செய்பவர்.

"பாத்து சொல்லு சார். என் கஸ்டமருங்க நடக்க முடியாதவங்க. அவங்க எப்டி என்னைத் தேடிக்கினு வருவாங்க? நெட்ல போட்டா, எந்த ஊர்ல இருந்தாலும் உக்காந்த எடத்துலயே பாத்துக்குவாங்க."

"ரேட்டு முடிவு பண்றது பெங்களூர் ஆபீஸ். என் கையில ஒண்ணும் இல்ல. வேற இடம் பாருங்க."

துரைராஜ் எழுந்து போய்விட்டார். வெங்கடேஷ் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்.

பக்கத்து மேஜையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த தீபிகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன மனுஷன் இவர்! இரண்டு நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். முடியவில்லை.

"டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று படியிறங்கி ஓடினாள். சம்பளம் கொடுக்கும் கம்பெனிக்கு அவள் செய்யப்போவது துரோகம்தான். முதல் தடவையும் அல்ல.

நல்லவேளை, கீழே டீக்கடையிலேயே இருந்தார் துரைராஜ்.

"சார், உங்களுக்கு எண்பதாயிரம் தேவையே இல்ல. வெப்சைட் செய்யறதுக்கு வேர்ட்பிரஸ்னு ஒண்ணு இருக்கு. இலவசம்! சைட்டோட பேருக்கும், அதை நெட்ல வைக்கற இடத்துக்கும் மட்டும் வருஷத்துக்கு மூவாயிரம் போல ஆகும்."

"இலவசம்னா உருப்படியா இருக்குமா?"

"எங்க கம்பெனியே முக்கால்வாசி சைட்டை அதுலதான் சார் பண்றோம்!"

"எனக்கு கம்ப்யூட்டர்லாம் தெரியாதும்மா."

"வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்புவீங்களா?"

"அது தெரியும்."

"அவ்வளவுதான்! டிசைன் ரெடியா இருக்கும், நமக்குப் பிடிச்சதை எடுத்துக்கலாம். முழுக்கத் தமிழ்லயே எழுதலாம். புதுசா ஒரு செருப்பு செஞ்சா, நீங்களே போட்டோ எடுத்து, நீங்களே ஏத்தலாம். யாரையும் கெஞ்ச வேணாம். சைட்டு உங்களுது சார்!"

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் தீபிகா சைதாப்பேட்டைக்குப் போனாள். துரைராஜ் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். இருபத்திரண்டு ஜோடிச் செருப்புகளின் படங்களை ஏற்றினார். ஒருமுறை தப்பான பட்டனை அழுத்தி எல்லாம் காணாமல் போய், அதை மீட்டெடுத்து, கடைசியில் "வெளியிடு" என்பதை அழுத்தினார்.

"வந்துட்சி! என் கடை வந்துட்சி!"

போனைத் தூக்கிக்கொண்டு எதிரே மீன் கடைக்கு ஓடினார். அங்கிருந்து கோழிக் கடைக்கு. சந்தில் இருந்த அத்தனை பேரும் பார்த்து முடிக்க அரை மணி நேரம் ஆனது.

நான்காம் நாள் தென்காசியிலிருந்து ஒரு அம்மாவின் அழைப்பு. ஏழு வயது மகளுக்கு இடது கால் இரண்டு அங்குலம் குட்டை. பேப்பரில் பாதத்தை வரைந்து படமெடுத்து அனுப்பினார். துரைராஜ் செருப்பு செய்து கூரியரில் போட்டார்.

பத்து நாள் கழித்து ஒரு வீடியோ வந்தது. அந்தக் குழந்தை வாசலில் ஓடிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்தது!

துரைராஜ் அதைச் சைட்டில் தன் படத்துக்குக் கீழே ஏற்றி, தீபிகாவுக்கு ஏழு தடவை அனுப்பினார். ஆபீசில் உட்கார்ந்து சைட்டில் அதைப் பார்த்து அவள் அழுதுகொண்டிருந்தபோது, பின் சீட்டு ராம்குமார் எட்டிப் பார்த்தான்.

"ஏய், இது நம்மகிட்ட எண்பதாயிரம்னதும் எழுந்து போனவராச்சே! இவருக்கு ஏது சைட்டு?"

மேனேஜர் காது வரை விஷயம் போக ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"சொல்லிக் குடுத்தது நீயா?" என்றார் வெங்கடேஷ்.

"ஆமா சார்."

"வந்த கஸ்டமருக்கு நாமளே இலவச வழி சொல்லிக் குடுத்தா கம்பெனி எப்படி நடக்கும்?"

தீபிகா போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"சரி, போய் வேலையைப் பாரு."

வேலை போனது என்றே முடிவு செய்துவிட்டாள். சாயங்காலம் நேராகத் துரைராஜ் கடைக்குப் போய்ப் புலம்பினாள்.

"நாளைக்கு லெட்டர் குடுத்துடுவாரு சார். பரவால்ல. அந்த மாதிரி ஈவு இரக்கம் இல்லாத ஆளுகிட்ட வேலை பாக்கறதுக்கு..."

துரைராஜ் கையிலிருந்த தோலைக் கீழே வைத்தார்.

"அப்டி சொல்லாதம்மா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு, ஆனா இதுக்கு மேல மனசு கேக்கல. அன்னிக்கு நான் படி எறங்கறதுக்குள்ள உங்க மேனேஜர் எனக்கு போன் பண்ணிட்டாரு. 'கீழ டீக்கடையில பத்து நிமிஷம் உக்காருங்க. என்னால வெளிப்படையா சொல்ல முடியாது. ஆனா எங்க ஆபீஸ் பொண்ணு ஒண்ணு பின்னாலயே ஓடி வரும், அது சொல்றபடி செய்யுங்க'ன்னாரு."