விளக்கு வைத்த பிறகு

அஞ்சலையின் மகள் தாமரைக்குச் சர்க்கரை வியாதி. வேளைக்கு ஒரு கரண்டி இன்சுலின் சுரக்கும் புதுவகை உறையில் தோய்ந்த தயிர்தான் மருந்து. ஊசி வாங்க வக்கில்லாத அந்தக் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு உறைமோர் கொடுத்து, அதைப் பாலில் வளர்த்துக்கொண்டார்கள். இன்று அஞ்சலையின் தயிர்ச் சட்டியைப் பூனை உருட்டி, மிச்சமில்லாமல் நக்கிவிட்டது.

துணிக்கொடிச் சண்டையில் ஆறு மாதமாகப் பேசாத எதிர்வீட்டுச் சொர்ணத்திடம் அஞ்சலை கிண்ணத்தோடு போய் நின்றாள். சொர்ணம் அப்போதுதான் விளக்கேற்றியிருந்தாள்.

"விளக்கு வச்சப்புறம் எவளாச்சும் தயிரத் தூக்கிக் குடுப்பாளா? வீட்டு லட்சுமி போயிடும்டி!"

"தாமரைக்கு ராத்திரிக்கே இல்லக்கா."

சொர்ணம் முணுமுணுத்துக்கொண்டே பூவால் விளக்கைக் குளிரவைத்தாள். கிண்ணம் வழியத் தயிர் ஊற்றினாள். அஞ்சலை படி தாண்டிய பிறகுதான் மறுபடி தீக்குச்சியை உரசினாள்.