கிளிக் காய்ச்சலுக்கு ஒரு கோடு

“‘இருக்கலாம்’னு எழுதினா எனக்குப் போதாது டாக்டர். கிளிக் காய்ச்சல்தான்னு அடிச்சு எழுதுங்க.”

வார்டில் நின்றிருந்த டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பரிசோதனை முடிவு வராமல் எப்படி எழுதுவது என்று கேட்டார். வரும்வரை விடப்போவதில்லை என்றாள் அவள்.

அதே மருத்துவமனையின் கோடிங் பிரிவில் வேலை பார்ப்பவள் அவள். ஒவ்வொரு நோயாளியின் ஃபைலையும் படித்து, நோய்க்குரிய குறியீட்டு எண்ணைப் பதிவது அங்கே வேலை; அந்த எண்ணுக்குப் பெயர்தான் ‘கோடு’. நிமோனியாவிலேயே கிருமிக்கு ஒரு கோடு உண்டு. டாக்டர் கிருமியின் பெயரை எழுதவில்லையென்றால், வெறும் நிமோனியா என்றுதான் பதிய வேண்டும். வெறும் நிமோனியாவாகப் பதிந்து பதிந்து அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

போன வருஷம் பக்கத்து சீட்டுத் தோழிக்கு அடித்தது யோகம். எங்கோ அபூர்வமாக வரும் பூஞ்சை நிமோனியா ஒன்று அவள் கைக்கு வந்தது. கோடுகள் அத்தனையும் மனப்பாடம் என்பதால் அந்தத் தோழிக்கு ‘அகராதி’ என்று பட்டப்பெயர்; குணத்துக்கும் அது பொருந்தும். அந்த ஒரு பூஞ்சையைச் சொல்லிச் சொல்லியே பிரிவில் யாரையும் சாப்பிட விடாமல் செய்தாள்.

இப்போது கிளிக் காய்ச்சல். பறவையிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நிமோனியா. அந்தப் பிரிவில் ஒருவரும் கண்ணால் கண்டதில்லை. அதனால்தான் அகராதியையும் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டுக் காத்திருக்க வைத்திருந்தாள்.

டாக்டர், ஓரமாக நாற்காலியில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த கிளிக்காரரிடம் திரும்பினார். கிளி நன்றாகத்தான் இருக்கிறது என்று முன்பு சத்தியம் செய்தவர் அவர். இப்போது மென்று முழுங்கினார். வாங்கும்போதே அது இறகை உப்பிக்கொண்டு தூங்கி வழிந்ததாம். பேசும் என்று கடைக்காரன் சொன்னானாம். பேசவில்லை, தும்மியதாம்.

“பாவமா இருந்துச்சு சார், தூக்கிட்டு வந்துட்டேன்.”

கூண்டைக் கழுவியது உண்டா என்று கேட்டார் டாக்டர். பளபளவென்று கழுவியாயிற்று, மூக்கைக்கூட மூடிக்கொள்ளாமல், என்றார் கிளிக்காரர். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் நாற்காலியோடு நாற்காலியாகச் சுருங்கினார்.

டாக்டரின் போன் அடித்தது. பரிசோதனைக் கூடம். ‘சரி, சரி’ என்று கேட்டுக்கொண்டவர், போனை வைத்துவிட்டுச் சிரித்தார்.

“கிளிக் காய்ச்சலேதான். இதுக்குன்னே மருந்து இருக்கு, சரியாயிடும்.”

கிளிக்காரருக்கு அப்போதுதான் உயிர் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் ஃபைலை வாங்கி, அவள் சொன்னபடியே, ‘இருக்கலாம்’ எதுவும் இல்லாமல், கொட்டை எழுத்தில் எழுதினார். அவள் கை தட்டினாள். சந்தோஷத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? போனை வாயருகே கொண்டுபோனாள்.

“கேட்டியாடி? கிளிக் காய்ச்சல். என் கோடு. உன் பூஞ்சையை இன்னையோட மூட்டை கட்டி வை.”

மறுமுனையில் அகராதி கொஞ்சமும் அசரவில்லை.

“ரொம்ப சந்தோஷம்டி. ஆனா ரூல் மறந்துபோச்சா? அவங்கவங்க ஃபைலுக்கு அவங்களே கோடு போடக் கூடாது. நீ டிஸ்சார்ஜ் ஆனதும் உன் ஃபைல் நேரா என் கைக்குத்தான் வருது.”

அவள் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், கிளி வாங்கி வந்த கணவர் கட்டிலருகே வந்து, ஆக்ஸிஜன் மாஸ்க்கை அவள் முகத்தில் மாட்டிவிட்டார்.