தலைதீபாவளி வெந்நீர்

"சூடு படக்கூடாது மாமான்னு முதல்ல பயந்தாரு மாப்பிள்ளை. முதுகுல எண்ணெய் தேய்ச்சு ரெண்டு சொம்பு வெந்நீர் ஊத்தினேன். அப்புறம் 'இன்னும் ஊத்துங்க'ன்னுட்டாரு!" அப்பா சிரித்தார்.

செண்பகாவின் கையிலிருந்த அதிரசத் தட்டு நழுவியது.

அவள் கணவன் பிரதீபன் காற்றாலைக் கோபுரத்தில் ஏறி வேலை பார்ப்பவன். முதுகில் கம்பெனி ஒட்டிய பிளாஸ்திரியிலிருந்து, பயம் போக்கும் மருந்து ஒரு வருடம் முழுக்கத் தோல் வழியே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். உயரத்தில் கை நடுங்காது. ஆனால் இடுப்பு பெல்ட்டை மறக்காமல் மாட்டும் அளவுக்குப் பயம் மிச்சமிருக்கும். சூடு பட்டால் மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும்.

"அவர் எங்கே, அப்பா?"

"மொட்டை மாடியில. வெடி போடப் போனாரு."

நான்கு மாடிகளையும் மூச்சிரைக்க ஏறினாள். கைப்பிடிச் சுவரின் மேல், வெற்று முதுகோடு நின்றிருந்தான் பிரதீபன். சிவப்பாக இருந்த பிளாஸ்திரி வெளுத்துப் போயிருந்தது.

"என்னங்க... மெதுவா இந்தப் பக்கம் வாங்க."

"நீ வா செண்பகா. அத்தை கீழே மத்தாப்போட நிக்கிறாங்க. படியில எதுக்குச் சுத்திக்கிட்டு? இப்படியே போயிரலாம்."

அவளை நோக்கிக் கை நீட்டினான். அந்தக் கை கொஞ்சமும் நடுங்கவில்லை.