மடித்து வைத்த படம்

அப்பாவின் வருஷாப்திகத்துக்கு உறவுக்காரர்களுக்கு அனுப்பவென்று பழைய குடும்பப் படம் ஒன்றை எடுத்தாள் கனகலக்ஷ்மி. அதில் ஓரமாக நின்ற தங்கை ஹம்ஸாவைப் பின்பக்கமாக மடித்துவிட்டாள். ஜாதி விட்டுக் கல்யாணம் செய்துகொண்டு, இவர்கள் வீடு இருக்கும் விஜயநகரிலிருந்து ஸ்கூட்டரில் போகிற தூரத்தில் இருந்தவளுக்கு, அப்பா போன செய்தியைக்கூட யாரையும் சொல்லவிடாதவள் கனகலக்ஷ்மி. கத்தரித்தே எறிந்திருப்பாள். ஆனால் ஹம்ஸாவின் தோளில் அப்பாவின் கை இருந்தது.

படத்தை ஸ்கேனரில் வைத்தாள். விளக்கு மடிப்புக்குக் கிட்டே வந்ததும் அணைந்து நின்றது.

"யு.எஸ்.பி. ஹப்புல சொருகினா கரண்ட் பத்தாதும்மா. நேரா லேப்டாப்புல போடேன்," என்றான் மகன் அபிஜித். போட்டாள். கேபிளை மாற்றினார்கள். கரண்ட் பில்லை வைத்தால் முழுசாக வந்தது. படத்தை வைத்தால் அதே இடத்தில் நின்றது.

"விடும்மா. அக்ரஹாரத்துல தெரிஞ்ச கடை இருக்கு, குடுத்துப் பாக்கலாம்." அபிஜித் ஸ்கேனருக்கு இருந்த ஒரே கேபிளைப் பிடுங்கிக் கையில் சுருட்டினான்.

மூடிக்குக் கீழே விளக்கு எரிந்தது. மெதுவாக நகர்ந்து, மடிப்பைத் தாண்டிக் கடைசிவரை போயிற்று.

லேப்டாப்பில் படம் வந்திருந்தது.

"தாத்தா ஒரு பொண்ணு தோள்ல கை போட்டுண்டிருக்காரே, யாரும்மா அது?"

கனகலக்ஷ்மி மூடியைத் தூக்கினாள். படம் அவள் மடித்தபடியேதான் கிடந்தது. மறுபடி லேப்டாப்பைப் பார்த்தாள். ஹம்ஸாவுக்குப் பக்கத்தில் பத்து வயது கனகலக்ஷ்மி. காகிதப் படத்தில் நிமிர்ந்து சிரித்தபடி நின்றவள், இதில் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.